சிறு விவசாயியும் பெருஞ்சந்தையும்: எத்தியோப்பியா நாட்டின் அனுபவம்

விளைவிக்கத் தெரிந்த விவசாயிக்கு விற்கத் தெரியவில்லை என்று குறை கூறுவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. விற்குமிடத்தில் அவன் தனியனாக நிற்பதே உண்மையான குறை என்பது கூட்டுறவாளராகிய நாம் கொண்டுள்ள கருத்து. தராசு மற்றவருடையது, விலை நிலவரம் மற்றவருக்கே தெரிந்தது, நாலு மாதம் பொறுத்து விற்கும் வசதியும் மற்றவருக்கே உரியது. இம்மூன்றும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது, எத்துணை நல்ல சரக்கைக் கொண்டு சென்றாலும், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை.

இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்று சோதித்துப் பார்க்க விரும்புவோர்க்கு எத்தியோப்பியா நாட்டின் வரலாறு பெரிதும் உதவும். நம் முன்னோர் அபிசீனியா என்று அறிந்திருந்த அந்நாட்டில், 1976 முதல் 2008 வரையிலான 32 ஆண்டுகளுக்குள் மூவகை ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. முதலில் அரசாங்கமே தானியத்தைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. பிறகு வியாபாரம் தாராளமாக விடப்பட்டது. அதன்பின் நவீன முறையில் பண்டப் பரிவர்த்தனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இவற்றோடு ஒட்டியும் விலகியும் கூட்டுறவுச் சங்கங்களும் வளர்ந்தன. சிறு விவசாயிக்கு இவற்றுள் எதனால் எவ்வளவு நன்மை விளைந்தது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாடும் விவசாயியும்

எத்தியோப்பியாவின் ஜனத்தொகை இன்று 12 கோடிக்கு மேற்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். மேட்டு நிலங்களில் டெஃப் என்னும் மிகச்சிறு தானியம், மக்காச்சோளம், கோதுமை, பார்லி, சோளம் ஆகியவை விளைகின்றன. தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள மலைச்சரிவுகளிலும், கிழக்கே ஹரார் நகரைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களிலும் காப்பி விளைகிறது. நாம் விரும்பிப் பருகும் அராபிக்கா காப்பியின் பூர்விகமே அந்நாட்டுக் காடுகள்தாம். அங்கே காப்பியைப் பெருந்தோட்ட முதலாளிகள் பயிரிடுவது சிறு பகுதியே. வாழையைப் போன்ற என்செட் மரத்தின் நிழலில், வீட்டுக் கொல்லையில், சிறு விவசாயிகளே பெரும்பகுதியைப் பயிரிடுகின்றனர். விளையும் காப்பியில் ஏறத்தாழப் பாதியை அந்நாட்டு மக்களே குடித்துவிடுகின்றனர். மீதி ஏற்றுமதியாகிறது, நாட்டின் அந்நிய நாணய வருமானத்துக்கு அது முக்கிய ஆதாரம்.

ஒரு குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். பலருக்கு அதுவும் இல்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது போக விற்பதற்கு மிஞ்சுவது சில மூட்டைகளே. அவற்றைக் கழுதை மீதோ தலையிலோ ஏற்றிக்கொண்டு, பல இடங்களில் பல மணி நேரம் நடந்து, வாரச்சந்தைக்குச் செல்ல வேண்டும். அறுவடை முடிந்தவுடன் உரக் கடனும் நிலவரியும் கட்டியாக வேண்டும். ஆகவே எல்லா விவசாயிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விற்கிறார்கள். எல்லாரும் விற்கும்போது விலை அடிமட்டத்தில் இருப்பது இயல்பு. மழைக்காலம் வந்து வீட்டுக் குதிர் காலியானபின், இவர்களிற் பலர் அதே தானியத்தை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். விலை வித்தியாசம் முழுவதும், பொறுத்திருக்க வசதியுள்ளவரைச் சேருகிறது.

அரசாங்கக் கொள்முதல்

1974ஆம் ஆண்டில் ஹெய்லே செலாசி சக்கரவர்த்தியின் ஆட்சி கவிழ்ந்து, ராணுவத்தினரின் ஆட்சி ஏற்பட்டது. 1975இல் நிலம் முழுவதும் அரசுடைமையாக்கப்பட்டது. 1976இல் விவசாய விற்பனைக் கார்ப்பொரேஷன் என்ற அரசாங்க ஸ்தாபனம் தோன்றியது. ஒவ்வொரு கிராமத்து விவசாயிகளும் இவ்வளவு தானியம் கொடுத்தாக வேண்டும் என்று அளவு விதித்து, வெளிச்சந்தை விலைக்கு மிகவும் குறைந்த விலையில் அது கொள்முதல் செய்தது. விதித்த அளவுக்குத் தம் நிலத்தில் விளையாதவர்கள், சந்தையில் கூடுதல் விலைக்குத் தானியம் வாங்கி அரசாங்கத்துக்குக் குறைந்த விலையில் அளக்க நேர்ந்ததும் உண்டு. ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொரு ஜில்லாவுக்குத் தானியம் கொண்டுசெல்லத் தனிப்பட்ட வியாபாரிகளுக்குப் பலவகைத் தடைகள் இருந்தன.

அதே அரசாங்கம் கூட்டுறவு என்ற பெயரையும் கையாண்டது. நிலங்களை ஒன்று சேர்த்து உழும் உற்பத்திக் கூட்டுறவுகளை மேலிருந்து கட்டளையிட்டு அமைத்தது. அங்கத்தினர் விரும்பிச் சேர்ந்தவையல்ல அவை. நிர்வாகத்தில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லை. கணக்கும் அவர்கள் கைக்கு வரவில்லை. 1990 மார்ச் மாதத்தில் அரசாங்கம் கொள்கையை மாற்றி, தானிய வியாபாரத்தின் மீதிருந்த கட்டுகளைத் தளர்த்தியது. விரும்பாதவர்கள் உற்பத்திக் கூட்டுறவுகளை விட்டு விலகலாம் என்றும் அறிவித்தது. சில மாதங்களுக்குள் அவற்றிற் பெரும்பாலானவை கலைந்துபோயின. அடுத்த ஆண்டு அவ்வரசாங்கமும் வீழ்ந்தது. விவசாயிகள் மனத்திலோ கூட்டுறவு என்ற சொல்லே அச்சத்தையும் வெறுப்பையும் ஊட்டுவதாகிவிட்டது. பின்னாளில் உண்மையான சங்கம் அமைக்க முயன்றவர்களுக்கு முதலில் இவ்வெறுப்பைப் போக்குவதே பெரும்பாடாக இருந்தது. அங்கத்தினர் விருப்பத்தின்மேல் எழாத சங்கம், பெயரளவில் சங்கமேயன்றிப் பொருளளவில் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மிகுவிளைச்சலும் பஞ்சமும்

வியாபாரம் தாராளமாயிற்று. 1990க்குப் பிந்திய பத்தாண்டில் நல்விதையும் ரசாயன உரமும் விவசாயிகளுக்குப் பரவலாகக் கடனில் வழங்கப்பட்டன. மக்காச்சோள விளைச்சல் நன்கு உயர்ந்தது. விளைச்சலைப் பெருக்கினால் வறுமை நீங்கும் என்று எல்லாரும் நம்பினர்.

2000, 2001ஆம் ஆண்டுகளில் விளைச்சல் மிகுந்தது. மிகுந்ததை வாங்கிச் சேமிக்கக் கிடங்கும் இல்லை. வாங்கி வைக்கத் தக்க மூலதனமுள்ள வியாபாரிகளும் இல்லை. மக்காச்சோள விலை சரிந்தது. அறுவடைக் கூலிக்கும் கட்டாது என்று கதிரைக் கொல்லையிலேயே விட்டவர்களும் உண்டு. உரக்கடன் மட்டும் குறையவில்லை. நொந்துபோன விவசாயிகள் அடுத்த பருவத்தில் உரத்தைக் குறைத்தனர். 2002இல் மழையும் பொய்த்தது. 2003ஆம் ஆண்டில் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வெளியார் தரும் உணவை எதிர்பார்க்கும் நிலைமை ஏற்பட்டது. தானியம் விலைபோகாமல் வீணானதற்கும் மக்கள் பட்டினி கிடந்ததற்கும் இடையே இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

உலகத்தையே உலுக்கிய 1984ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் இத்தகைய முரண்பாடு இருந்தது. வடபகுதியில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, அதே நாட்டின் வேறு பகுதிகளில் தானியம் மிச்சமிருந்தது. ஒரு பகுதியின் மிச்சம் மறு பகுதிக்குச் செல்லாதது ஏன் என்ற கேள்வியை எலெனி கப்ரெ-மதின் என்ற எத்தியோப்பியப் பெண்மணி தம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். பொருளாதாரம் கற்ற அவர், தலைநகரான அடிஸ் அபாபாவின் தானிய மண்டிகளிலும் நாட்டுப்புறச் சந்தைகளிலும் வியாபாரம் நடைபெறும் விதத்தை ஆராய்ந்தார்.

அவர் கண்டது நமக்குப் புதிதாகத் தோன்றாது. வியாபாரிகள் தமக்கு நேரில் தெரிந்தவர்களோடு மட்டுமே கொடுக்கல் வாங்கல் செய்தனர். தெரியாதவனுக்குச் சரக்கனுப்பினால் பணம் வருமோ வராதோ என்று அச்சம். தெரியாதவனிடம் வாங்கினால் தரம் எப்படியிருக்குமோ என்று ஐயம். பொதுவான தரநிர்ணயம் இல்லாததால், மூட்டை கை மாறும்போதெல்லாம் பிரித்துப் பார்த்து மீண்டும் தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கூலி, சேதாரம், தரகு. ஏமாற்றுக்காரர் சிலர் இருந்ததினும், ஒருவரையொருவர் நம்புதற்கு ஏற்பாடு இல்லாததே பெருஞ்செலவாக முடிந்தது. அந்தச் செலவு அனைத்தும் கடைசியில் விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலேதான் கழிக்கப்பட்டது.

பரிவர்த்தனை நிலையம்

இக்குறையை நீக்க, எலெனி அம்மையாரின் முயற்சியால், எத்தியோப்பியப் பண்டப் பரிவர்த்தனை நிலையம் 2008 ஏப்ரலில் அடிஸ் அபாபாவில் வியாபாரத்தைத் தொடங்கியது. 2012 வரை அவரே அதன் தலைமை நிர்வாகியாக இருந்தார்.

நிலையம் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். விளைபொருள் மிகும் வட்டாரங்களில் நிலையத்தின் கிடங்குகள் உண்டு. சரக்கு அங்கே வந்ததும் எடை போடப்படும். மாதிரி எடுத்துத் தரம் நிர்ணயிக்கப்படும். காப்பியானால் வறுத்து, காய்ச்சி, சுவைத்துப் பார்த்தே தரம் சொல்லப்படும். பிறகு கிடங்கு ரசீது ஒன்று உண்டாகும். விற்பனைக்குரியது அந்த ரசீதே. மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். தலைநகரிலுள்ள விற்பனை மண்டபத்தில் விற்போரும் வாங்குவோரும் கூவி விலை பேசி, கையோடு கை தட்டிப் பேரத்தை முடித்தனர். 2015ஆம் ஆண்டு முதல் கணிப்பொறி வாயிலாகப் பேரம் நடைபெறும் முறை புகுத்தப்பட்டது. வாங்குவோர் பணத்தை முன்னதாகவே வங்கியில் கட்டியிருக்க வேண்டும். பேரம் முடிந்த மறுநாளே அது விற்றவர் கணக்கில் சேர்ந்துவிடும். நாட்டுப்புற நகரங்களில் விலைப்பலகைகள் அமைக்கப்பட்டன. தொலைபேசியிலும் அன்றாட விலையை எவரும் கேட்டறியலாம்.

இவற்றின் நன்மையைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு மாதக் கணக்கில் நடந்த வியாபாரிக்கு மறுநாளே பணம் என்பது பெரிய மாறுதல். தலைநகரில் என்ன விலை என்பதை நாட்டுப்புறத்தானும் அறிவான் என்றால், அவனிடம் கேட்கும் விலையிலும் ஓரளவு நாணயம் தானே வந்துவிடும்.

நிற்க. தானியப் பஞ்சத்தை மனத்திற் கொண்டு தொடங்கிய நிலையத்தில் தானிய வியாபாரம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. டெஃப்பும் மக்காச்சோளமும் பெரும்பாலும் பழைய மண்டிகளிலேயே கை மாறின. 2008 இறுதியில் காப்பி வியாபாரம் சட்டத்தின் மூலம் நிலையத்துக்கு மாற்றப்பட்டபின், காப்பியும் எள்ளுமே அதன் முக்கிய சரக்குகளாயின. மேலும், நிலையத்தில் பேரம் டன் கணக்கில் நடப்பது. நாலு மூட்டை வைத்திருக்கும் விவசாயி அதன் வாசலை மிதிக்கப்போவதில்லை. அவன் பழையபடி தன் ஊர்ச் சந்தையில், வட்டார வியாபாரியின் தராசில்தான் எடை போடுகிறான். தலைநகர மண்டபத்தில் எடை சரியாயிருப்பதால் ஊர்த் தராசு தானே சரியாகிவிடாது. விலைப்பலகையைப் படித்தறிந்தவனும், உரக்கடன் தவணை நாளை என்றால் இன்றைக்கு விற்றே தீர வேண்டும். தலைநகரத்துக்கும் வட்டாரக் கிடங்குக்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிலையம் தூர்த்தது; கிடங்குக்கும் விவசாயியின் வீட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் அப்படியே இருந்தது. அதனைத் தூர்க்கவல்லது எது என்பதே நம் கேள்வி.

காப்பி விவசாயிகளின் ஒன்றியம்

1998இல் எத்தியோப்பியாவில் புதிய கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. விரும்பிச் சேர்தல், ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு, லாபத்தில் பங்கு ஆகிய பொதுக் கூட்டுறவுத் தத்துவங்களை அது ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு, 1999இல், 34 ஆரம்பச் சங்கங்கள் சேர்ந்து ஒரோமியக் காப்பி விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியத்தை அமைத்தன. ஜப்பானிய விவசாயக் கூட்டுறவுகளைக் கண்டு பயின்று வந்த ததேஸ்ஸே மெஸ்கெலா அதனை முன்னின்று நடத்தினார். இன்று அதில் 400க்கு மேற்பட்ட ஆரம்பச் சங்கங்கள் அடங்கியுள்ளன. சிடாமா பகுதியில் 2001இலும், யிர்கசெஃபே பகுதியில் 2002இலும் இத்தகைய ஒன்றியங்கள் ஏற்பட்டன.

இவை பிறந்த காலம் மிகக் கடினமானது. காப்பி ஏற்றுமதி நாடுகளுக்குள் அளவு பங்கிட்டு விலையைத் தாங்கி நின்ற சர்வதேச உடன்பாட்டு ஏற்பாடு 1989இல் குலைந்துபோயிற்று. 2001ஆம் ஆண்டில் நியூயார்க் சந்தையில் ஒரு ராத்தல் காப்பி 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே இறங்கியது. ஹரார்ப் பகுதி விவசாயிகள் பலர் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுச் சாட் என்னும் போதை இலையைப் பயிரிடத் தொடங்கினர். அது ஆண்டில் பல முறை பறிக்கக்கூடியது. உடனுக்குடன் பணம் தருவது. தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரத்தை ஒருவன் வெட்டுகிறான் என்றால் அவனுக்கு நேர்ந்த நெருக்கடியை நாம் ஊகித்தறியலாம்.

ஒன்றியம் செய்தது என்ன? ஊர்ச் சங்கம் அங்கத்தினரின் பழத்தைத் தன் தராசில் எடை போட்டு வாங்கும். ஏறக்குறைய 6 கிலோ செம்பழத்திலிருந்து 1 கிலோ காப்பிக் கொட்டை கிடைக்கும். பறித்த அன்றே தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, உயரப் பரண்களில் உலர்த்த வேண்டும். தாமதித்தால் தரம் கெடும். இந்தப் பக்குவத்தைச் சங்கத்தின் கழுவு நிலையமே செய்கிறது. பல சங்கங்களின் கொட்டையை ஒன்றியம் பெற்று, தரம் பார்த்து, ஏலத்தையும் இடைத்தரகரையும் கடந்து, வெளிநாட்டு வியாபாரிக்கு நேராக ஏற்றுமதி செய்கிறது. நியாய வாணிப முறையில் வாங்குவோர் அந்நாளில் கழுவிய காப்பிக்கு ராத்தலுக்கு 1.26 டாலருக்குக் குறையாமல் கொடுக்க உடன்பட்டிருந்தனர். எல்லாச் சரக்கும் அவ்வழியில் விலைபோய்விடவில்லை. போன அளவுக்கு அது பேருதவி.

லாபப் பங்கீடு நம் அங்கத்தினர் கவனிக்கத் தக்கது. ஒன்றியத்தின் லாபத்தில் 70 சதவிகிதம் ஆரம்பச் சங்கங்களுக்குச் செல்லும். சங்கம் தனக்கு வந்ததில் 70 சதவிகிதத்தை அங்கத்தினருக்கு அவரவர் கொடுத்த சரக்கின் அளவுப்படி வழங்கும். அதாவது, ஒன்றியத்தின் லாபம் 100 என்றால் அதில் 49 விவசாயியின் வீட்டுக்கே வந்து சேரும். மீதி சேமநிதிக்கும், கழுவு நிலையம், கிடங்கு முதலிய பொதுக் காரியங்களுக்கும் ஆகும். பழம் கொடுத்த அன்று ஒரு தொகை, கணக்கு முடிந்தபின் இரண்டாவது தொகை என்று இரு முறை பணம் பெறுவது அவ்வூர்களுக்குப் புதிது. தனி வியாபாரி இரண்டாவது தொகை தருவதில்லை.

ஊர்ப் பெயரின் மதிப்பு

சந்தையில் விலைபோவது சரக்கு மட்டுமன்று, அது பிறந்த ஊரின் பெயரும் விலைபோகும் என்பதைக் காஞ்சிபுரம் பட்டு நெய்வோருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹரார், சிடாமோ, யிர்கசெஃபே என்ற பெயர்கள் காப்பிப் பிரியர்களிடையே அத்தகையவை. அப்பெயர் தாங்கிய காப்பி மேனாட்டுக் கடைகளில் பன்மடங்கு விலைக்கு விற்றது. பெயரால் வந்த ஆதாயத்தில் அவ்வூர் விவசாயிக்குக் கிடைத்தது அற்பம். 2005இல் எத்தியோப்பிய அரசாங்கம் அமெரிக்காவில் இப்பெயர்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய மனுச் செய்தது. அந்நாட்டுக் காப்பி வியாபாரிகளின் சங்கம் ஆட்சேபித்தது. நீண்ட வாதத்துக்குப்பின் 2007 ஜூனில் ஸ்டார்பக்ஸ் கம்பெனி எத்தியோப்பியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு, பெயர்களின் மீது அந்நாட்டுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தில் பரிவர்த்தனை நிலையத்தின் மற்றொரு குறையும் வெளிப்பட்டது. நிலையத்தின் கிடங்கில் ஒரே வட்டாரத்தின் ஒரே தரக் காப்பி எல்லாம் ஒன்றாகிவிடும். இன்ன ஊரின் இன்ன கழுவு நிலையத்துச் சரக்கு என்ற அடையாளம் மறைந்துவிடும். தானியத்துக்கு அதனால் கேடில்லை. காப்பிக்கோ அடையாளமே விலை. தாம் நேரில் கண்டறிந்த ஊரின் காப்பியையே நாடிய வெளிநாட்டார் குறைப்பட்டனர். கூட்டுறவு ஒன்றியங்கள் நிலையத்தின் வழியாக அன்றி நேரே ஏற்றுமதி செய்யச் சட்டம் இடங்கொடுத்திருந்ததால், ஊர்ப் பெயர் அழியாமல் விற்கும் வழி சங்க அங்கத்தினருக்குத் திறந்தே இருந்தது. பின்னர் 2017ஆம் ஆண்டு தொடங்கி விதிகள் மாற்றப்பட்டு, ஊர் அடையாளத்தோடு விற்கவும், நிலையத்துக்கு வெளியே விற்கவும் மற்றவர்களுக்கும் வழி செய்யப்பட்டது.

ஊர் அடையாளம் இனிமேல் இன்னும் முக்கியமாகும். காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியிருக்கிறது. அதன் அமல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒத்திவைக்கப்பட்ட போதிலும், சரக்கு எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பது அதன் அடிப்படை. அரை ஏக்கர் காப்பிக்காரன் தன்னந்தனியே நிலப்படமும் பதிவேடும் தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்ப இயலுமா? சங்கம் ஒன்றே அவனுக்காக அதனைச் செய்யக்கூடியது.

கைப்பணத்தின் அவசியம்

ஒன்றியங்களின் வரலாறு வெற்றி மட்டுமே நிறைந்தது என்று எழுதினால் அது விளம்பரமாகும். அறுவடை நாளில் கையில் ரொக்கம் இல்லாமையே அச்சங்கங்களை மிகவும் வருத்திய குறை. செம்பழம் காத்திராது. அங்கத்தினரும் காத்திருக்க இயலாது. அறுவடைக்கு முந்திய மாதங்களில் வீட்டில் பணம் வற்றியிருக்கும். அந்தச் சமயம் பார்த்து வியாபாரி முன்பணம் கொடுத்து மகசூலைப் பேசி வைத்துக்கொள்வான். சங்கத்தில் பணம் தீர்ந்த நாளில், பழக்கூடையுடன் வந்த அங்கத்தினர் அடுத்த தெருவிலுள்ள வியாபாரியிடம் செல்கிறார். அவரை மட்டும் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. ஆனால் பலர் அவ்வாறு செல்வதால் சங்கத்துக்குச் சரக்குக் குறையும். கழுவு நிலையத்தின் செலவோ குறையாது. ஒப்புக்கொண்ட ஏற்றுமதியை நிறைவேற்ற இயலாது. லாப ஈவும் சுருங்கும். ஈவு சுருங்கியதைக் கண்டு மறு ஆண்டு இன்னும் பலர் வெளியே செல்வர். சங்கங்கள் பெரும்பாலும் இவ்விதமாகவே நோய்வாய்ப்படுகின்றன.

இதற்குப் பரிகாரமாக ஒன்றியங்கள் தம் பொறுப்பில் வங்கிக் கடன் பெற்று, பருவம் தொடங்குமுன் ஆரம்பச் சங்கங்களுக்குப் பணம் வழங்கின. வங்கிகள் ஈடு கேட்டுத் தயங்கிய அனுபவத்தின் பயனாக, சங்கங்களே பங்குதாரராகச் சேர்ந்த ஒரோமியக் கூட்டுறவு வங்கி 2005இல் வேலையைத் தொடங்கியது. விற்பனைச் சங்கமும் கடன் ஸ்தாபனமும் ஒன்றையொன்று தாங்கி நில்லாவிட்டால் இரண்டும் நிலைப்பதில்லை என்று கூட்டுறவு அறிஞர்கள் பல்லாண்டுகளாக எடுத்துரைப்பதை அங்கே அனுபவமே கற்பித்தது.

தானிய விவசாயிகளிடையேயும் இதுவே கண்ட உண்மை. ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம், பஞ்ச நிவாரணத்துக்காக வாங்கும் தானியத்தில் ஒரு பகுதியைச் சிறு விவசாயிகளிடமிருந்தே வாங்குவது என்று 2008இல் ஒரு பரீட்சை முயற்சியைத் தொடங்கி 2013 வரை நடத்தியது. எத்தியோப்பியாவில் மக்காச்சோளத்துக்காகக் கூட்டுறவு ஒன்றியங்களோடு முன்னொப்பந்தம் செய்தது. அறுவடைக்கு முன்பே வாங்குவோர் உறுதியானதால், அந்த ஒப்பந்தத்தையே ஈடாகக் கொண்டு வங்கி கடன் கொடுத்தது. அந்தக் கடனைக் கொண்டு சங்கங்கள் அறுவடை நாளிலேயே அங்கத்தினருக்குப் பணம் கொடுத்து வாங்கின. 2001இல் விலையில்லாமல் வீணானது எந்தப் பயிரோ, அந்தப் பயிருக்கே, விற்குமிடமும் கைப்பணமும் இவ்வாறு ஒரே முயற்சியில் கிடைத்தன. தரத்தில் தவறிய மூட்டைகள் திருப்பப்பட்டதும், குறித்த அளவு கொடுக்க இயலாமற்போன சங்கங்கள் இருந்ததும் உண்மை. ஈரம் போக உலர்த்துவதும், கல்லும் தூசும் நீக்குவதும் இல்லாமல் பெரிய வியாபாரம் கைகூடாது என்பதைச் சங்கங்கள் அதனாற் கற்றுக்கொண்டன.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் சில முடிவுகள் புலனாகின்றன. கட்டளையால் கொள்முதல் செய்த அரசாங்கம் விவசாயியின் நம்பிக்கையை இழந்தது. தாராளமாக விடப்பட்ட வியாபாரம், மிகுவிளைச்சலைத் தாங்க இயலாமல் அவனைக் கைவிட்டது. பரிவர்த்தனை நிலையம் நாணயமான தராசையும், நிச்சயமான பணத்தையும், ஒளிவில்லாத விலையையும் கொடுத்தது. அவற்றை அவன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்க அதனால் ஆகவில்லை. சில மூட்டைகளைச் சில நூறு மூட்டைகளாக்கி, தரம் பிரித்து, பணம் புரட்டி, பேரம் பேசி, மிஞ்சியதைத் திருப்பித் தருவதற்கு ஊர்ச் சங்கம் வேண்டியிருந்தது. பெருஞ்சந்தையும் வேண்டும், அதற்கும் வீட்டுக்கும் இடையே சங்கமும் வேண்டும்.

ஆதலின், நம் அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குச் செல்லும்போது நாலு விஷயங்களை மறவாமல் விசாரிக்க வேண்டுகிறோம். சங்கத்தின் தராசு முத்திரை இடப்பட்டதா, எடை போடும்போது அங்கத்தினர் கண்ணில் படுகிறதா? சரக்கு வாங்கும் பருவத்துக்கு வேண்டிய ரொக்கத்துக்கு நிர்வாக சபை முன்னதாகவே ஏற்பாடு செய்திருக்கிறதா? தரம் பிரிப்பதில் நல்ல சரக்குக்கு நல்ல விலையும், மட்டமான சரக்குக்கு அதற்கேற்ற விலையும், இன்னார் இனியார் என்று பாராமல் கொடுக்கப்படுகிறதா? லாப ஈவு, கொடுத்த சரக்கின் அளவுப்படி பங்கிடப்பட்டு, கணக்கு எல்லாரும் கேட்க வாசிக்கப்படுகிறதா? நெசவாளர் சங்கமாயின் சரக்கு என்ற இடத்தில் துணி என்றும், தராசு என்ற இடத்தில் முழக்கோல் என்றும் கொள்க.

இந்த நாலுக்கும் ஆம் என்ற பதில் வருமானால், அங்கத்தினர் தம் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெளியே கிலோவுக்கு எட்டணா கூடுதலாகக் கொடுக்கும் நாளிலும் சரக்கைச் சங்கத்துக்கே கொண்டுவருவது. அந்தக் கூடுதல் ஒரு நாளைக்குரியது. சங்கம் நலிந்தபின் வெளியார் என்ன விலை கொடுப்பார்கள் என்பதை, தனியே நின்று விற்ற காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். ஆம் என்ற பதில் வராவிட்டாலோ, சங்கத்தை விட்டு விலகுவது பரிகாரம் ஆகாது. அடுத்த தேர்தலில் தகுந்தவர்களை நிர்வாகத்துக்கு அனுப்புவதே பரிகாரம். அந்த உரிமை நம்மிடம் இருக்கிறது. கட்டாயக் கூட்டுறவில் பல ஆண்டுகள் உழன்ற எத்தியோப்பிய விவசாயிக்கு 1998க்குப் பின்னரே அது சட்டத்தின் பாதுகாப்போடு கிடைத்தது. அவன் அதைப் பயன்படுத்தத் தவறவில்லை.